பிக்கப் வண்டிக்கு எந்த லைனர் போடலாம்? எடை, மைலேஜ் பற்றி செட்டிநாட்டு வண்டிக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, ஆத்தங்குடி, புதுவயல், கல்லல் பக்கம் பிக்கப் வாங்குகிற எல்லோரும் முதல் மாதத்திலேயே ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது: லோடு பாடியின் தகட்டைக் காப்பாற்ற என்ன லைனர் போடுவது? பட்டறைக்காரர் செக்கர் பிளேட் (புடைப்புக் கோடு போட்ட இரும்புத் தகடு) என்பார், பக்கத்து ஸ்டாண்டில் ரப்பர் மேட் என்பார்கள், இணையத்தில் பார்த்தால் ஸ்பிரே கோட்டிங்தான் என்று இருக்கும். எது நல்லது என்று பேசுகிற அளவுக்கு எது எவ்வளவு கனம், அந்தக் கனம் டீசலில் எவ்வளவு தின்னும் என்று யாரும் பேசுவதில்லை. அந்தக் கணக்கைத்தான் இங்கே முதலில் வைத்துப் பார்க்கிறோம்.

லைனர் கட்டாயம் வேண்டுமா? கம்பெனி பெயின்டே போதாதா?

நீங்கள் ஏற்றுவது துணி மூட்டை, காய்கறிக் கூடை, தண்ணீர் கேன் என்றால் ஒரு வருடம் வரை ஒன்றும் ஆகாது. கல், இரும்பு, சிலிண்டர், மரத்தூண் என்று இழுத்துத் தள்ளி ஏற்றுகிற சரக்கு என்றால் சில வாரங்களிலேயே பெயின்ட் கீறி வெள்ளைத் தகடு தெரியும். அடுத்த மழைக்கு அந்தக் கீறல் பழுப்பாகும். தகட்டுக்கும் சரக்குக்கும் நடுவே ஏதாவது ஒன்று இருப்பது நல்லதுதான்.

லைனருக்கு மூன்று வேலைகள் உண்டு: கீறலைத் தடுப்பது, அடியை வாங்கிக்கொள்வது, சரக்கு வழுக்காமல் பிடிப்பது. மூன்றையும் ஒரே பொருள் நன்றாகச் செய்வது அபூர்வம். உங்கள் லோடுக்கு இந்த மூன்றில் எது முக்கியம் என்று தெரிந்துகொண்டால் பாதித் தேர்வு முடிந்துவிடும்.

எந்த லைனர் எவ்வளவு எடை வரும்?

கடையில் பெரும்பாலும் சதுர அடிக் கணக்கில்தான் விற்கிறார்கள், அதனால் சதுர அடிக்கே சொல்கிறேன். ஒன்பது அடி நீளம், ஐந்தரை அடி அகலம் உள்ள பாடியைத் தோராயமாக 50 சதுர அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். பொலிரோ பிக்கப், தோஸ்த் மாதிரியான வண்டிகள் ஏறக்குறைய இந்த அளவில்தான் வருகின்றன.

இரும்புத் தகடு ஒரு மில்லிமீட்டர் கனத்துக்குச் சதுர அடிக்கு முக்கால் கிலோவை ஒட்டி வரும். 2 மில்லி என்றால் தரைக்கு மட்டும் 73 கிலோ. 3 மில்லி செக்கர் பிளேட் என்றால் 110 கிலோ, மேலே இருக்கிற புடைப்புக் கோடுகள் அதை இன்னும் கொஞ்சம் கூட்டும். அதே 3 மில்லி அலுமினியத்தில் 38 கிலோதான், ஏனென்றால் அலுமினியம் இரும்பின் எடையில் மூன்றில் ஒரு பங்குதான் இருக்கும்.

ரப்பர் மேட் 6 மில்லி என்றால் 35 முதல் 40 கிலோ. 10 மில்லி என்றால் 60 கிலோவைத் தாண்டிவிடும். பழைய கன்வேயர் பெல்ட்டை வெட்டிப் போடுகிறார்களே, அதுவும் 10 மில்லி ரப்பர் கணக்குதான். மலிவாகக் கிடைக்கும், ஆனால் கனம்.

பிளாஸ்டிக் லைனர், அதாவது ஹெச்டிபிஇ ஷீட், 3 மில்லிக்கு 13 கிலோ. இதுவரை சொன்னவற்றில் தரைக்குப் போடும்போது லேசானது இதுதான். ஸ்பிரே கோட்டிங் 3 மில்லி கனத்துக்குத் தரைக்கு மட்டும் 15 கிலோ வரும். பக்கச் சுவர்களையும் சேர்த்து அடித்தால் 25 கிலோ. டப்பாவில் வாங்கி ரோலரால் அடிக்கிற கோட்டிங் ஒரு மில்லிகூட நிற்காது, மொத்தமே எட்டு கிலோவுக்குள் முடியும்.

12 மில்லி பிளைவுட் காய்ந்த நிலையில் 35 கிலோ. ஒரு அங்குல மரப்பலகை 75 கிலோ. இந்த இரண்டும் மழையில் நனைந்தால் கணக்கு மாறும்.

சரி, இந்த எடைக்கு மைலேஜ் எவ்வளவு குறையும்?

அமெரிக்க அரசின் எரிபொருள் சிக்கன வழிகாட்டி, வண்டியில் 100 பவுண்டு, அதாவது 45 கிலோ கூடினால் மைலேஜ் சுமார் 1 சதவீதம் குறையலாம் என்கிறது. வண்டி சின்னதாக இருந்தால் அதே 45 கிலோவின் பாதிப்பு கூடுதலாக இருக்கும் என்றும் சொல்கிறது. நம் பிக்கப்புகளுக்கு இதை வைத்துக் கணக்குப் போடுவது நியாயம்தான்.

ஒரு வண்டி வருடத்துக்கு 25,000 கிலோமீட்டர் ஓடுகிறது, லிட்டருக்கு 12 கிலோமீட்டர் தருகிறது, டீசல் 90 ரூபாய் என்று வையுங்கள். வருடத்துக்கு 2,080 லிட்டர் செலவு. அதில் ஒரு சதவீதம் என்பது 21 லிட்டர், பணமாக 1,900 ரூபாய். 3 மில்லி செக்கர் பிளேட்டின் 110 கிலோ கிட்டத்தட்ட இரண்டரை சதவீதம் தின்னும்: வருடத்துக்கு 50 லிட்டர், 4,500 ரூபாய். 6 மில்லி ரப்பர் மேட் 1,500 ரூபாய். பிளாஸ்டிக் ஷீட் 500, 600 ரூபாய். வண்டியை ஏழு எட்டு வருடம் வைத்திருப்பவருக்குச் செக்கர் பிளேட்டுக்கும் ரப்பருக்கும் நடுவில் உள்ள வித்தியாசம் இருபதாயிரத்தைத் தாண்டிப் போகிறது.

எல்லா ஓட்டத்திலும் இது ஒரே மாதிரி இருக்காது. எடை டீசலைத் தின்பது வண்டி நின்று நின்று கிளம்பும்போதும், மேடு ஏறும்போதும்தான் அதிகம். காரைக்குடியில் செக்காலை ரோட்டிலிருந்து கழனிவாசல் வரை சிக்னலும் வேகத்தடையுமாக ஊருக்குள்ளேயே சுற்றுகிற வண்டிக்கு ஒவ்வொரு கிலோவும் கணக்கில் வரும். திருச்சி ரோட்டில் ஒரே வேகத்தில் போகிற வண்டிக்கு எடையைவிடக் காற்றும் வேகமும்தான் பெரிய செலவு. காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். 80-லிருந்து 60-க்கு இறங்கினால் காற்றின் தடை பாதிக்குக் கொஞ்சம் மேலே மட்டும்தான் மிஞ்சும். லைனரில் பத்து கிலோ குறைத்துவிட்டு 90-ல் பறந்தால் குறைத்ததற்குப் பலன் இல்லை.

வருடத்துக்குச் சில ஆயிரம்தானே? அதற்காகவா இவ்வளவு யோசனை?

டீசல் மட்டும் என்றால் நீங்கள் கேட்பது சரி. உண்மையான நஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது, பலர் அதைப் பார்ப்பதில்லை. ஆர்சி புத்தகத்தில் வண்டியின் மொத்த எடைக்கு ஓர் உச்சவரம்பு போட்டிருப்பார்கள். வண்டியின் சொந்த எடையில் ஒரு கிலோ கூட்டினால் சரக்கில் ஒரு கிலோ குறைத்தாக வேண்டும். 1,300 கிலோ ஏற்றலாம் என்கிற வண்டியில் 110 கிலோ செக்கர் பிளேட்டை அடித்துவிட்டால், பன்னிரண்டு நடைக்கு ஒரு நடை சரக்குக்குப் பதிலாக உங்கள் சொந்தத் தகட்டையே சுமக்கிறீர்கள். எடைக்கு வாடகை வாங்குகிறவருக்கு இது டீசல் செலவைவிடப் பல மடங்கு பெரிது.

எல்லா வண்டிக்கும் இது பொருந்தாது. மெத்தை, பலகாரப் பெட்டி, கண்டாங்கிச் சேலைக் கட்டு, காலி டிரம் என்று ஏற்றுகிறவருக்கு எடை வரம்பைத் தொடுவதற்கு முன்னாலேயே இடம் நிரம்பிவிடும். அவர் சரக்கு நஷ்டத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை, டீசல் கணக்கை மட்டும் பார்த்தால் போதும்.

ஆத்தங்குடி கல் ஏற்றுகிறேன். எனக்கு எது சரிப்படும்?

ரப்பர் மேட், 6 முதல் 8 மில்லி, தரைக்கு மட்டும். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆத்தங்குடி கல் சூளையில் சுட்ட ஓடு கிடையாது. கண்ணாடியின் மேல் வண்ணச் சாந்தை ஊற்றி, மணலும் சிமென்டும் சேர்த்து வார்த்து, தண்ணீரில் ஊறவைத்து எடுப்பது. முகத்தின் பளபளப்பு அந்தக் கண்ணாடியிலிருந்து வருவது. அதன் விளிம்புதான் பலவீனம். கற்களை முகத்தோடு முகம் சேர்த்து நிறுத்தி ஏற்றும்போது மொத்தக் கனமும் கீழ் விளிம்பில் நிற்கிறது. அடியில் வெறும் இரும்போ செக்கர் பிளேட்டோ இருந்தால் ரோட்டில் வருகிற ஒவ்வொரு அதிர்வும் நேராக அந்த விளிம்பில் இறங்கும். மூலை பெயர்ந்த கல்லை வீட்டுக்காரர் திருப்பித்தான் அனுப்புவார். பூவேலை ஒரே தொடர்ச்சியாக வருகிற தரைக்கு ஒன்றிரண்டு கல் குறைந்தாலும் கொத்தனார் வேலை நின்றுவிடும்.

10 அங்குலக் கல் ஒன்று இரண்டரை, மூன்று கிலோ இருக்கும். செக்கர் பிளேட்டின் 110 கிலோவை மிச்சப்படுத்தினால் நடைக்கு 40 கல் அளவுக்குக் கூடுதலாக ஏற்றலாம். ரப்பரின் எடையைக் கழித்தாலும் 20, 25 கல் மிஞ்சும். வரிசைகளுக்கு நடுவே வைக்கோல் வைக்கும் பழக்கத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். ரப்பர் கீழிருந்து வரும் அதிர்வைத்தான் வாங்கும், பக்கவாட்டில் கல்லோடு கல் உரசுவதை வைக்கோல்தான் தடுக்கும்.

பழைய வீடுகளைப் பிரிக்கும்போது வரும் பர்மா தேக்குத் தூண், நிலை, கதவு ஏற்றுகிறவர்களுக்கும் இதே ரப்பர்தான். தூணை இழுக்காமல் தூக்கி வையுங்கள், செதுக்கிய பக்கம் மேலே இருக்கட்டும்.

ஜல்லி, எம்-சாண்ட், செங்கல் ஏற்றினால்?

இங்கே செக்கர் பிளேட்டுக்கு வேலை உண்டு. மண்வெட்டி தகட்டைச் சுரண்டும்போது ரப்பர் கிழியும், பிளாஸ்டிக் சீவிக்கொண்டு வரும், ஸ்பிரே கோட்டிங்கும் ஓரத்தில் உரியும். ஆனால் 3 மில்லி தேவையில்லை. பாடியின் தகடு நன்றாக இருந்தால் மேலே 2 மில்லி போதும், அதிலேயே 37 கிலோ மிச்சம். மண்வெட்டி படாத பக்கச் சுவர்களில் இரும்பு அடிக்கவே வேண்டாம்.

இன்னொன்று, இதை மணல் ஏற்றுகிற எல்லோரிடமும் சொல்ல வேண்டும்: இறக்கியபின் தரையைக் கூட்டுங்கள். ஈர மணல் கால் அங்குலக் கனத்துக்கு 50 சதுர அடியிலும் படிந்திருந்தால் அது மட்டும் 50 கிலோ. லைனரில் மிச்சம் பிடித்த எடையை மூலையில் சேர்ந்த மணலே திருப்பி ஏற்றிவிடும், அதுவும் திரும்பி வருகிற காலி நடையில். ஒரு துடைப்பமும் ஐந்து நிமிடமும் போதும்.

தொண்டியிலிருந்து மீன் கொண்டுவருகிறேன். ஆடு, மாடும் எப்போதாவது ஏற்றுவேன்.

உங்களுக்கு ஸ்பிரே கோட்டிங்தான், தரையோடு பக்கச் சுவரும் சேர்த்து. மீன் பெட்டியிலிருந்து உருகி ஓடுகிற ஐஸ் தண்ணீரில் உப்பு இருக்கிறது. ரப்பர் மேட்டையோ பிளாஸ்டிக் ஷீட்டையோ சும்மா விரித்தால் அந்தத் தண்ணீர் அடியில் போய்த் தங்கும், வெயிலில் தண்ணீர் மட்டும் போய் உப்பு அங்கேயே நிற்கும். மாட்டு மூத்திரமும் இதே வேலையைச் செய்யும். ஸ்பிரே கோட்டிங் தகட்டோடு ஒட்டிக்கொள்வதால் அடியில் இடைவெளி இருக்காது, ஹோஸ் பைப் வைத்துக் கழுவினால் சுத்தம். 25 கிலோவுக்கு இதைவிட நல்ல பாதுகாப்பு கிடைக்காது.

கால்நடைக்கு ஒரு கூடுதல் விஷயம் இருக்கிறது: பிடிமானம். தை மாதத்தில் சிராவயல் மஞ்சுவிரட்டுக்குக் காளைகளைப் பிக்கப்பில் ஏற்றிப் போவதைப் பார்த்திருப்பீர்கள். குளம்பு வழுக்கிக் காளை வண்டிக்குள்ளேயே சாய்ந்தால் கால் ஒடியும், வண்டியும் ஆட்டம் காணும். வழவழப்பான பிளாஸ்டிக் லைனர் மேல் மாட்டை நிறுத்தவே கூடாது. வரி வரியாகப் புடைப்புள்ள ரப்பர் மேட்டை அன்றைக்கு மட்டும் விரித்து, மேலே வைக்கோல் பரப்பி, இறக்கியதும் எடுத்துக் கழுவிக் காயப்போடுங்கள்.

முறுக்கு, சீடை டின், கல்யாணச் சீர் சாமான், சமையல் பாத்திரம்?

லேசான ஃபோம் ஷீட்டோ மெல்லிய ரப்பரோ போதும். அண்டா, குண்டா எல்லாம் பெரிதாகத் தெரிந்தாலும் எடை குறைவு; சத்தமும் உரசலும்தான் பிரச்சினை. 10 மில்லி இவிஏ ஃபோம் பத்து கிலோவுக்குள் முடிந்துவிடும். சாப்பாட்டுச் சாமான் ஏற்றுகிற வண்டியில் பழைய டயர்த் தூளில் செய்த ரப்பர் மேட் வேண்டாம், வெயிலில் அந்த வாடை டின்னுக்குள்ளும் ஏறும்.

ஸ்பிரே கோட்டிங், பிளாஸ்டிக் லைனர்: இரண்டில் எது?

பிளாஸ்டிக் லைனர் என்பது பாடியின் வடிவத்திலேயே வார்த்து, அப்படியே உள்ளே இறக்கிவைப்பது. டி-மேக்ஸ், ஹைலக்ஸ் மாதிரியான வண்டிகளுக்கு அச்சாகக் கிடைக்கிறது. நம் சரக்கு பிக்கப்புகளுக்குப் பெரும்பாலும் ஷீட்டாக வாங்கி வெட்டித்தான் போட வேண்டும். லேசு, எண்ணெய்க்கு அசையாது, வேண்டாம் என்றால் கழற்றிவிடலாம். செக்கு எண்ணெய் டின் ஏற்றுகிறவர்களுக்கு இது பொருத்தம், சாதாரண ரப்பர் எண்ணெய் பட்டால் உப்பிப் போகும்.

அதன் குறை, வண்டி ஆட ஆட அடியில் பெயின்டை உரசிக்கொண்டே இருக்கும். மேலே பார்த்தால் புதுசு மாதிரி இருக்கும், கழற்றிப் பார்த்தால்தான் துரு தெரியும். சரக்கும் அதன் மேல் வழுக்கும்.

ஸ்பிரே கோட்டிங் பாலியூரித்தேன் அல்லது பாலியூரியா. நன்றாகப் பிடித்தால் வண்டியின் ஆயுளுக்கும் நிற்கும். நன்றாகப் பிடிப்பது அடிக்கிற மருந்தைவிட அதற்கு முன்னால் செய்கிற வேலையைப் பொறுத்தது: பழைய பெயின்டைத் தேய்த்துச் சொரசொரப்பாக்கி, எண்ணெய்ப் பசை போகத் துடைத்து, ஈரம் இல்லாமல் காயவைத்து, அப்புறம்தான் அடிக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள். "காலையில் விட்டால் மத்தியானம் எடுத்துக்கலாம்" என்று சொல்கிற இடத்தில் தேய்ப்பு வேலை எவ்வளவு நேரம் என்று தனியாகக் கேளுங்கள்.

கனத்தையும் கேளுங்கள். 3 மில்லி என்று பேசி 5 மில்லி அடித்தால் உங்களுக்குப் பத்து, பதினைந்து கிலோ சும்மா கூடுகிறது. தரைக்கு 3, சுவருக்கு ஒன்றரை என்று பிரித்து அடிக்கச் சொன்னால் எடையும் குறையும், காசும் குறையும்.

பிளைவுட் அடிக்கலாமா?

மழை படாத, தார்ப்பாய் எப்போதும் மூடிய வண்டிக்கு அடிக்கலாம். மற்றபடி வேண்டாம். ஈரத்தை இழுத்துக் கனக்கும், அடியில் தகட்டை நனைத்தே வைத்திருக்கும்.

லைனருக்கு அடியில் துரு வருவது ஏன்? எப்படித் தடுப்பது?

காரைக்குடிக்காரர்கள் இந்தக் கேள்வியை நன்றாகவே கேட்கலாம். நம் ஊரில் இருக்கும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், எல்லோரும் சிக்ரி என்று சொல்கிறோமே, அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து இங்கே வரவழைத்தது. 1953 முதல் இயங்குகிற அந்த நிலையத்தின் முக்கிய ஆய்வுகளில் ஒன்றே உலோகங்களின் அரிமானம்.

இரும்பு துருப்பிடிக்க நீரும் ஆக்ஸிஜனும் வேண்டும், உப்பு இருந்தால் வேகம் கூடும். திறந்த தகட்டில் விழுந்த தண்ணீர் நம் வெயிலுக்குச் சீக்கிரம் காய்ந்துவிடும். மேட்டுக்கு அடியில் புகுந்த தண்ணீர் காயாது. மேட்டின் ஓரத்தில் ஆக்ஸிஜன் அதிகம், நடுவில் குறைவு. இந்த வித்தியாசமே ஒரு சின்ன மின்கலம் மாதிரி வேலைசெய்து, ஆக்ஸிஜன் குறைந்த நடுப்பகுதியில் தகட்டை அரிக்கும். அதனால்தான் ஓரம் நன்றாக இருக்க நடுவில் ஓட்டை விழுகிறது.

தடுப்பதற்குப் பெரிய செலவு இல்லை. மேட்டை ஒட்டாதீர்கள். ஒரே துண்டாகப் போடாமல் இரண்டு துண்டாக வெட்டிப் போடுங்கள். ஒரு ஆள் சுருட்டித் தூக்க முடிகிற எடை இருந்தால்தான் மாதத்துக்கு ஒரு முறையாவது தூக்குவீர்கள். அடியில் வரிப்பள்ளம் உள்ள மேட் என்றால் பள்ளம் பின்கதவை நோக்கி ஓடும்படி விரியுங்கள், தண்ணீர் வழிந்து வெளியே போகும். பாடியில் கம்பெனி விட்ட வடிகால் துளைகளை மேட் அடைத்தால் அந்த இடத்தில் மேட்டிலும் துளை போடுங்கள். உரமூட்டை ஏற்றிய அன்றைக்குக் கண்டிப்பாகக் கழுவுங்கள்; பொட்டாஷ் உரம் பொட்டாசியம் குளோரைடு, தகட்டுக்கு அதுவும் உப்புதான்.

அலுமினிய ஷீட் போடுகிறவர்கள் அதை வெறும் இரும்பின் மேல் நேராகப் போடக் கூடாது. இரண்டு உலோகம் தொட்டுக்கொண்டு நடுவில் ஈரமும் இருந்தால் அலுமினியம் அரிக்கும். நடுவே நல்ல பெயின்டோ மெல்லிய ரப்பரோ கொடுங்கள்.

சித்திரை வெயிலுக்கு எது தாங்கும்?

வெயிலில் நிற்கிற கறுப்பு மேட் கை வைக்க முடியாத அளவுக்குச் சுடும், லோடுமேன்கள் வெறுங்காலோடு ஏறுவார்கள் என்பதை நினைவில் வையுங்கள். மறுசுழற்சி ரப்பர் சில வருடத்தில் வெடிப்பு விடும். ஹெச்டிபிஇ ஷீட் சூட்டில் நீளும்: ஒன்பது அடி ஷீட், காலைக்கும் உச்சி வெயிலுக்கும் இடையே 40 டிகிரி ஏறினால் ஒன்றரை சென்டிமீட்டர் வரை நீளம் கூடும். அதைக் கணக்கில் எடுக்காமல் நாலு பக்கமும் இறுக்கித் திருகினால் நடுவில் பொங்கி நிற்கும். ஓரத்தில் இடைவெளி விட்டு, திருகுத் துளையை நீளவாக்கில் போடச் சொல்லுங்கள்.

பிளாஸ்டிக் லைனர் இருக்கிற வண்டியில் பெட்ரோல் கேன் வைத்து நிரப்பலாமா?

கூடாது. பிளாஸ்டிக் மேல் நிற்கிற கேனில் நிலைமின்சாரம் சேரும், அது தரைக்கு இறங்க வழி இருக்காது. பங்க் குழாய் கிட்டே வரும்போது பொறி பறந்து பெட்ரோல் ஆவி பற்றிக்கொள்ளலாம். அமெரிக்காவில் இப்படித் தீப்பிடித்த சம்பவங்களுக்குப் பிறகு அரசு அமைப்புகளே எச்சரிக்கை வெளியிட்டிருக்கின்றன. கேனைக் கீழே தரையில் இறக்கிவைத்து நிரப்பி, மூடிய பிறகு ஏற்றுங்கள். தோட்டத்து மோட்டாருக்கும் ஜெனரேட்டருக்கும் எரிபொருள் கொண்டுபோகிறவர்கள் வீட்டில் எல்லோரிடமும் இதைச் சொல்லிவையுங்கள்.

காலி நடையில் பின்கதவைத் திறந்துவிட்டு ஓட்டினால் மைலேஜ் கூடுமா?

கூடாது. கதவு மூடியிருந்தால் பாடிக்குள் காற்று ஒரு சுழலாகத் தங்கிவிடும், கேபினைத் தாண்டி வருகிற காற்று அந்தச் சுழலின் மேலே வழுக்கிப் போய்விடும். கதவைத் திறந்தால் அந்தச் சுழல் கலைந்து, தடை குறைவதற்குப் பதிலாகக் கூடவே வாய்ப்பு. தார்ப்பாயை விறைப்பாகக் கட்டினால் கொஞ்சம் நல்லது, படபடவென்று அடிக்கிற தளர்ந்த தார்ப்பாய் கெடுதல்.

லைனரை மாற்றாமலேயே மைலேஜ் கூட்ட வழி உண்டா?

உண்டு, அதைத்தான் முதலில் செய்ய வேண்டும். நாலு டயரிலும் காற்று ஒரு பவுண்டு குறைந்தால் மைலேஜ் 0.2 சதவீதம் குறையும் என்பது அதே அமெரிக்க வழிகாட்டியின் கணக்கு. ஐந்து பவுண்டு குறைவாக ஓடுகிற வண்டி 45 கிலோ லைனரைச் சுமப்பதற்குச் சமம். ஓடுவதற்கு முன் டயர் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். அப்புறம், சீட்டுக்குப் பின்னால் கிடக்கிற பழைய சங்கிலி, உடைந்த ஜாக்கி, ஒருநாளும் பயன்படாத கட்டை எல்லாவற்றையும் இறக்குங்கள்.

குட்டி யானைக்கும் இதே கணக்குதானா?

கணக்கு அதே, ஆனால் இன்னும் கறாராகப் பார்க்க வேண்டும். குட்டி யானை என்கிற டாடா ஏஸ் முக்கால் டன் அளவில் சுமக்கிற வண்டி. பாடி 35 சதுர அடிதான் வரும் என்றாலும் 3 மில்லி செக்கர் பிளேட் அதற்கு 77 கிலோ ஆகும். ஏற்றக்கூடிய சரக்கில் பத்தில் ஒரு பங்கு போய்விடும். ஏஸுக்கு 5 மில்லி ரப்பரோ பிளாஸ்டிக் ஷீட்டோதான் என் சிபாரிசு. மின்சார ஏஸ் வைத்திருப்பவர்களுக்கு எடை கூடினால் ஒரு சார்ஜில் ஓடும் தூரம் குறையும், வழியில் நின்றுவிடும் பயம் வேறு.

செக்கர் பிளேட் வெல்டிங் செய்தால் ஆர்டிஓ பிரச்சினை வருமா?

சும்மா விரித்துக் கழற்றுகிற மேட்டுக்கு ஒன்றும் இல்லை. ஆர்சியில் வண்டியின் காலி எடை பதிவாகியிருக்கிறது. வெல்டிங் அடித்து அந்த எடையை நூறு கிலோ கூட்டினால் எஃப்சிக்கு, அதாவது தகுதிச் சான்றுக்கு, போகும்போது கேள்வி வரலாம். பட்டறையில் வேலை கொடுப்பதற்கு முன்பே ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது நல்லது. எடை மேடையில் மொத்த எடை வரம்பைத் தாண்டினால் லைனர் எடை என்று சொல்லித் தப்பிக்க முடியாது. 2019 திருத்தத்துக்குப் பிறகு மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-வது பிரிவில் 20,000 ரூபாய் அபராதம், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய்.

வெல்டிங் செய்தே ஆக வேண்டும் என்றால் முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்றச் சொல்லுங்கள். பிஎஸ்-6 வண்டிகளில் மின்னணுப் பெட்டிகள் அதிகம், வெல்டிங் மின்சாரம் அவற்றைக் கெடுத்துவிடும். தரைக்கு அடியில் டீசல் டேங்கும் பிரேக் குழாயும் எங்கே போகின்றன என்று பார்த்த பிறகே துளை போட வேண்டும்.

கடையில் வாங்கும்போது எதைப் பார்ப்பது?

எடை போட்டு வாங்குங்கள். "ஆறு மில்லி அண்ணே" என்று கொடுக்கிற மேட் ஐந்தோ ஏழோ இருக்கலாம். ஒரு சதுர அடித் துண்டைத் தராசில் வைத்தால் முழுசும் எவ்வளவு வரும் என்று அங்கேயே தெரிந்துவிடும். மடித்துப் பாருங்கள், மடிப்பில் வெள்ளைக் கோடு விழுந்தாலோ பொடி உதிர்ந்தாலோ வேண்டாம். ஒரு மூலையில் நகத்தை அழுத்துங்கள், உடனே எழும்புகிற ரப்பர் நல்லது.

போட்ட பிறகு மைலேஜ் உண்மையில் குறைந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

லைனர் போடுவதற்கு முன்னாலேயே காலி வண்டியை ஒரு எடை மேடையில் ஏற்றிச் சீட்டு வாங்கி வையுங்கள். போட்ட பிறகு அதே மேடையில், டேங்கில் அதே அளவு டீசலோடு இன்னொரு சீட்டு. எத்தனை கிலோ கூடியது என்பது அதிலேயே தெரியும்.

மைலேஜுக்கு டேங்க் நிரப்பி, ஓடி, மறுபடியும் அதே பங்கில் அதே குழாயில் நிரப்பிப் பாருங்கள். ஒரு டேங்க் கணக்கை நம்பாதீர்கள். லோடு, வழி, மழை என்று ஒரு டேங்குக்கும் அடுத்ததற்கும் ஐந்து சதவீதம்கூட மாறும், லைனரின் ஒரு சதவீதம் அதில் காணாமல் போய்விடும். ஏழெட்டு டேங்குகளைச் சேர்த்து, மொத்தக் கிலோமீட்டரை மொத்த லிட்டரால் வகுத்தால்தான் வித்தியாசம் தெரியும். அந்தச் சமயத்தில் டயர் காற்றை ஒரே அளவில் வைத்திருங்கள், இல்லையென்றால் லைனரை அளக்கிறோமா டயரை அளக்கிறோமா என்றே தெரியாது.